இரண்டு வோல்ட்டுக்குக் கீழே

கிளாட்வினின் பைக் தெருமுனையில் திரும்பிச் சத்தம் முழுசாக அடங்கும்வரை ஜெசிந்தா சாப்பாட்டு மேஜைப் பக்கம் போகவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டிருந்தான்.

"பூசைக்கு வரலியா?"

"இல்ல, நீங்க போயிட்டு வாங்க. இன்னிக்கு அத முடிச்சிருதேன்."

"மூணு வாரமா இதத்தான் சொல்லுத. என்ன, கடிச்சிருமோ அது?"

அவன் சிரித்தான். அவளும் சிரித்துவைத்தாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், அவள் சிரிப்பில் எவ்வளவு சிரிப்பு எவ்வளவு பயம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், முப்பது டன் பெட்டியை ஆகாயத்தில் தொங்கவிட்டுக்கொண்டே டீ குடிக்கிறவன், அவனுக்கு எதைப் பார்த்தும் பயமில்லை, அதனால் அடுத்தவர் பயம் கண்ணில் படுவதுமில்லை. பூசை ஒரு மணி நேரம், அப்புறம் கறிக்கடையில் வரிசை, வழியில் யாராவது பிடித்துக்கொண்டால் இன்னும் கொஞ்சம். எப்படியும் ஒன்பதரை ஆகும். இப்போது ஏழரை. இரண்டு மணி நேரம். வேலை என்னவோ பத்து நிமிஷ வேலைதான், பத்துகூட வேண்டாம், அவளுடைய பட்டறையில் இதே வேலையை ஒரு நாளைக்கு நாலு தடவை செய்கிறாள், உப்பு லாரிகளை நிறுக்கிற எடைமேடைகளின் மீட்டர் பெட்டிகளைத் திறந்து பழைய பேட்டரியைக் கழற்றிப் புதுசு வைத்து மூடுகிறாள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்கிறாள், ஒரு தடவை ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே செய்திருக்கிறாள். அதே கைதான் இது. அதைத் தூக்கிப் பார்த்தாள். நடுங்கவில்லை. நடுங்கவில்லை என்று பார்த்ததும் நடுங்கியது.

மேஜைமேல் ரோஸ் நிறப் பஞ்சுத்தாளில் அது கிடந்தது, பேப்பரை இரண்டாக மடித்த அளவில் ஒரு பச்சைப் பலகை, நிறைய ஐசிகள், ஒரு மூலையில் உப்புப் பூத்த வெள்ளைக் கறை. மூன்று வாரத்துக்கு முன்னால் துறைமுக ரோட்டில் கப்பல் சாமான் வாங்கி விற்கிற மைதீன் கூப்பிட்டுச் சொன்னான், யக்கா, கப்பல்காரன் விளையாடுற ரூம்ல கெடந்த கேம் பெட்டி ஒண்ணு வந்துச்சு, மரத்தப் பிரிச்சாச்சு, உள்ள இருந்த போர்டு மட்டும் கெடக்கு, நீங்க கேப்பீங்கள்லா. போய்ப் பார்த்தாள். பழைய இரும்புச் சங்கிலிக்கும் ஒரு கழுவுதொட்டிக்கும் நடுவில் கிடந்தது. குனிந்து அதன் ஓரத்தில் அச்சடித்திருந்த எண்ணை இரண்டு தடவை படித்தாள். அந்த எண்ணை அவள் இதற்கு முன்னால் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருந்தாள், ஒரு பழைய விளம்பரத் தாளின் அடியில். ஜப்பானில் ஒரு சின்ன கம்பெனி, ஏழே ஏழு விளையாட்டு செய்துவிட்டு மூடிப்போனது. கடைகளிலும் பொருட்காட்சிகளிலும் நிற்குமே, காசு போட்டு ஆடுகிற ஆளுயர எந்திரம், அதற்கான விளையாட்டுகள். பழைய விளையாட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவர்களுக்கு ஆறு கிடைத்துவிட்டன. ஏழாவது மட்டும், கூரைக்குக் கூரை தாவி ஓடுகிற தபால்காரியைப் பற்றிய விளையாட்டு, அந்த விளம்பரத் தாளில் மட்டும் இருந்தது. யாரும் ஆடியதாகச் சொல்லவில்லை. யாரிடமும் போர்டு இல்லை. உலகத்தில் ஒன்றுகூட இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள், அது தூத்துக்குடியில் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. பையில் வைக்கப் பயந்து துப்பட்டாவை விரித்துச் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி ஆட்டோவில் கொண்டுவந்தாள். ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வேகத்தடை வந்தபோதெல்லாம் பார்த்துங்க அண்ணே, பார்த்துங்க என்றாள்.

பிரச்சினை பேட்டரி. பலகையின் நடுவில் ஒரு ஐசி, அதன் பக்கத்தில் சுண்டுவிரல் பருமனில் ஒரு பேட்டரி. விளையாட்டு முழுக்கப் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது, பூட்டைத் திறக்கிற சாவி எண்கள் அந்த ஐசிக்குள் இருக்கின்றன, அந்த எண்களை ஐசி ஞாபகம் வைத்துக்கொள்ள அந்தப் பேட்டரி சொட்டுச் சொட்டாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு வோல்ட்டுக்குக் கீழே போனால் ஐசி மறந்துவிடும். மறந்தால் மறந்ததுதான். திருடிக் காப்பியடிக்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் யோசித்துச் செய்த ஏற்பாடு, திருடர்களும் போய்விட்டார்கள், கம்பெனியும் போய்விட்டது, ஏற்பாடு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. பேட்டரியின் ஆயுள் பதினைந்து வருஷம், இருபது வருஷம், சில பேட்டரிகள் முப்பதுக்கு மேலும் ஓடியிருக்கின்றன, ஏனென்று யாருக்கும் தெரியாது. இதற்கு முப்பத்திரண்டு. அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். மல்டிமீட்டரின் இரண்டு ஊசிகளை வைத்து இரண்டு விநாடி. அதைத்தான் மூன்று வாரமாகச் செய்யவில்லை. ஊசி வழுக்கிவிட்டால்? பேட்டரியின் இரண்டு காலையும் ஒருசேரத் தொட்டுவிட்டால்? ஒரு பொட்டு நேரம் போதும். போன வருஷம் அப்படித்தான் ஓர் எடைமேடையில் ஊசி வழுக்கியது, சின்னதாக ஒரு டப், ஒரு நூல் புகை, வெளியே பதினோரு லாரி வரிசையில் நின்றது. அங்கே ஒன்றுமில்லை, அலமாரியில் வேறு கார்டு இருந்தது, மாட்டினாள், லாரி போனது. இதற்கு எந்த அலமாரியிலும் வேறு கிடையாது. இந்த நினைப்பு வந்தவுடன் ஊசியைக் கீழே வைத்துவிடுவாள். முதல் ஞாயிறு அப்படிப் போனது. இரண்டாவது ஞாயிறு மழை, ஈரக்காற்று நல்லதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை நின்ற பிறகும் சொல்லிக்கொண்டாள்.

மின்விசிறியை அணைத்தாள், தூசி பறந்து விழும். அணைத்ததும் வியர்த்தது. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு பலகைமேல் விழுந்தால், உப்புத் தண்ணீர், மின்சாரம் ஓட அதைவிடத் தோதான பாதை வேண்டாம். மறுபடியும் போட்டாள். பஞ்சுத்தாளின் ஓரம் காற்றில் படபடத்தது. அணைத்தாள். தலையில் ஒரு துவாலையைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்தபோது பிரசவம் பார்க்க வந்தவள் மாதிரி இருந்தது, ஹென்ரிக் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். ஹென்ரிக் அவளைப் பார்த்ததே இல்லை. பதினோரு வருஷம், ஒரு ஃபோட்டோகூட மாற்றிக்கொள்ளவில்லை. போர்ச்சுகலில் ஏதோ ஒரு கடலோர ஊரில் இருந்தான், அந்த ஏழு விளையாட்டுக்காகவே ஓர் எமுலேட்டர் எழுதினான், அதாவது அந்தப் பழைய எந்திரம் எப்படியெல்லாம் நடந்துகொண்டதோ அப்படியே ஒரு கம்ப்யூட்டருக்குள் நடந்துகொள்கிற நிரல், எந்திரம் செத்தாலும் விளையாட்டு அதற்குள் பிழைத்திருக்கும். அவள் அவனுக்கு முதன்முதலில் எழுதிய கடிதம் ஒரே வரி. உங்கள் மூன்றாவது விளையாட்டில் பாட்டு தப்பு, அரைச் சுரம் இறங்கி இருக்கிறது. அவன் திருப்பி எழுதினான், உங்களுக்கு எப்படித் தெரியும்? அவள் பேரின் கடைசியில் இருந்த பெர்னாந்துவைப் பார்த்து, நீங்கள் எங்கள் ஊர்க்காரரா என்றும் கேட்டிருந்தான்.

எப்படித் தெரியும் என்றால், ஒன்பது வயதில் மாதா கோயில் திருவிழாப் பொருட்காட்சியில் அப்பாவின் கையை விட்டுவிட்டாள். அவ்வளவுதான். கூட்டம் வந்தது, கை போனது. அப்பா சொல்லியிருந்தார், தொலைஞ்சா நின்ன எடத்துலயே நில்லு, நான் வருவேன். நின்றாள். அவள் நின்ற இடம் ஒரு விளையாட்டு எந்திரத்தின் முன்னால், யாரும் ஆடவில்லை, அதுவாகவே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து, முடிந்ததும் மறுபடி. அப்பா வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருத்தர் வந்து ஏன் பிள்ள அழுத என்று கேட்டார், அவள் அழவே இல்லை, அழுதால் கண் மறைக்கும், அப்பா வருவது தெரியாமல் போய்விடும் என்று கண்ணை அகல விரித்து வைத்திருந்தாள். பாட்டு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அதில் ஒரு சுரம்கூட அவளுக்கு மறக்காது, மறக்க முடிந்தால் நல்லது. இதை ஹென்ரிக்கிடம் எழுதியபோது அவன் இரண்டு நாள் பதிலே போடவில்லை. அப்புறம் எழுதினான். ஒரு பழைய எந்திரத்தை ஆள் வைத்து அளக்கச் சொன்னேன், நீ சொன்னது சரி, நான் தப்பு, இனி சத்தம் எல்லாம் உன் பொறுப்பு. அப்படித்தான் உள்ளே வந்தாள். சத்தம் மட்டும். மற்றதெல்லாம் அவன். படம், ஓட்டம், வெப்சைட், புதுப் புதுக் கம்ப்யூட்டர்களுக்குத் தகுந்தபடி மாற்றி எழுதுவது, சண்டை போடுகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவன். அவளுக்கு அது போதுமாக இருந்தது, ஒரு பெரிய வீட்டில் ஒரு சின்ன அறை மாதிரி.

பிப்ரவரியில் அவன் தங்கை எழுதினாள். ஹென்ரிக் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான், ஒரு மாதமாகப் படுக்கையில் இருந்தான், ஒரு தாளில் சில வார்த்தைகள் எழுதி இந்தியாவில் சத்தம் பார்க்கிற அம்மாவுக்கு அனுப்பு என்று சொன்னான், அவை என்னவென்று எனக்குப் புரியவில்லை, அப்படியே அனுப்புகிறேன். பாஸ்வேர்டுகள். எல்லாவற்றுக்கும். அவள் அன்றைக்கு அவற்றை ஒரு காகிதத்தில் எழுதி மாதா சுருவச் சிலையின் பீடத்துக்கு அடியில் வைத்தாள், யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதற்காகவா மாதா பார்த்துக்கொள்ளட்டும் என்பதற்காகவா, அவளுக்கே தெரியாது. அன்றிலிருந்து பயம். கம்ப்யூட்டரில் ஒரு புது அப்டேட் வந்தால் பயம், ஏனென்றால் போன தடவை வந்தபோது எமுலேட்டரின் திரை கறுப்பாகிவிட்டது, சரி செய்ய அவளுக்கு ஐந்து வாரம் ஆனது, ஹென்ரிக்குக்கு ஒரு சாயந்திரம் போதும். அடுத்த தடவை அவளால் முடியாமல் போகும். அதற்கடுத்த தடவை அவளே இருக்க மாட்டாள். இப்படியே போனால் இன்னும் இருபது வருஷத்தில் இந்த எமுலேட்டரை ஓட்டுவதற்கு ஒரு எமுலேட்டர் வேண்டும், அதை ஓட்ட இன்னொன்று, ஒன்றுக்குள் ஒன்றாக, ஆக உள்ளே யாரும் ஆடாமல் தானே பாடிக்கொண்டிருக்கிற ஒரு எந்திரம். மாதத்துக்கு நாற்பது பேர் இறக்கிக்கொள்கிறார்கள். அந்த நாற்பது பேர் யார்? ஒருவரும் எழுதுவதில்லை. அந்த எமுலேட்டரைச் சுற்றிச் சேர்ந்த குழுவில் அவளைத் தவிர மிச்சம் இருப்பவர்கள் நாலு பேர், அதில் பேசுகிறவர் ஒருவர், மெல்பர்னில் இருக்கிற டெரெக், அவரும் குறை சொல்ல மட்டும்தான் வாய் திறப்பார். பழைய போர்டுகளை வாங்கி அடுக்கிவைக்கிற ஆள். அலமாரியில் பூட்டிவைத்துச் சாகவிடுகிறவர்கள் என்று ஹென்ரிக் ஒரு தடவை எழுதிவிட்டான், அதற்கு அவர் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார். ஜெசிந்தா இந்தப் போர்டு கிடைத்ததைச் சொன்னபோது மற்ற மூன்று பேரும் வாழ்த்து அனுப்பினார்கள். டெரெக் ஒரே ஒரு வரி எழுதினார், பேட்டரியை அளந்தாயா? அவள் பதில் போடவில்லை. என்ன திமிர் என்று நினைத்தாள். மூன்று வாரமாக அந்த வரி அங்கேயே கிடக்கிறது.

மணி எட்டேகால். முக்கால் மணி நேரம் போயிருக்கிறது, துவாலையைக் கட்டிக்கொண்டு நின்றதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. வெளியே மீன்காரம்மா சைக்கிளில் வந்தாள், ஊளி, பாறை என்று கூவினாள், ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரல் அடுத்த தெருவுக்குப் போகும்வரை காத்திருந்தாள், ஏதோ குரல்பட்டு போர்டு கெட்டுப்போகும் என்பது மாதிரி. அப்புறம் உட்கார்ந்தாள். ஊசிகளின் நுனியில் பச்சை இன்சுலேஷன் டேப் சுற்றி, மணி அளவு உலோகம் மட்டும் தெரியும்படி வைத்திருந்தாள், அதை நேற்றே செய்திருந்தாள், அதற்கு முந்தின வாரமும் செய்திருந்தாள். கறுப்பு ஊசி. பலகை ஓரத்தின் நடுவில் இருக்கிற பெரிய ஈயப் பொட்டில். சரி. சிவப்பு ஊசி. பேட்டரியின் மேல் காலில். தொடுவதற்கு முன்னால் தாயே என்றாள். தொட்டாள். மீட்டர் யோசித்தது. அது யோசிக்கிற அந்த ஒரு கணத்தில் அவள் ஒன்பது வயதில் கண்ணை விரித்து வைத்திருந்தமாதிரி விரித்து வைத்திருந்தாள். ஒன்று புள்ளி ஒன்பது ஒன்று.

எடுத்தாள். மறுபடி வைத்தாள். ஒன்று புள்ளி ஒன்பது ஒன்று. இரண்டு இல்லை. இரண்டுக்குக் கீழே. ஆனால் கீழே என்றால் எவ்வளவு கீழே, ஒரு மயிரிழை, இரண்டு வோல்ட் என்பது புத்தகத்தில் எழுதியிருப்பது, எழுதுகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் எழுதுவார்கள், சில ஐசிகள் ஒன்றரைவரைகூடத் தாங்கும் என்று படித்திருக்கிறாள், தாங்கியிருக்கலாம், இந்த நிமிஷம்கூட உள்ளே அந்த எண்களைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு இருக்கலாம், இருக்கலாம் என்றால் இப்போதே, இப்போதே செய்ய வேண்டும், அதே நேரத்தில் தலைக்குள் வேறொரு கணக்கு தானாக ஓட ஆரம்பித்தது, இந்த ரகப் பேட்டரி ஆயுசு முடிகிற கட்டத்தில் எவ்வளவு வேகமாக இறங்கும், வாரத்துக்கு எவ்வளவு, மூன்று வாரத்துக்கு முன்னால் என்ன இருந்திருக்கும், ஒன்று புள்ளி ஒன்பது எட்டா, இரண்டு புள்ளி ஒன்றா, மைதீன் கடையிலிருந்து வந்த அன்றைக்கே ஊசியை வைத்திருந்தால், மழை பெய்த அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்தால். இல்லை. அதை இப்போது நினைக்கக் கூடாது. கையை நினை.

இரண்டு புது பென்சில் பேட்டரி, மூன்று வோல்ட், வயரோடு தயாராக இருந்தது, கரண்ட் போனாலும் கவலையில்லாமல் இருக்க அப்படி யோசித்து வைத்திருந்தாள். அதைப் பழைய பேட்டரியோடு சேர்த்துக் கவ்வவைத்தாள், இனிப் பழையதை எடுத்தாலும் ஐசிக்கு மூச்சு நிற்காது, இன்னும் மூச்சு இருந்தால். சால்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். சூடானதும் பிளக்கைப் பிடுங்க வேண்டும், சுவரிலிருந்து கசிகிற துளி மின்சாரம்கூட உள்ளே போகக் கூடாது. பிடுங்கிய பிறகு நாற்பது விநாடி சூடு இருக்கும். ஒரு கால். ஈயம் பளபளவென்று இளகியது, உறிஞ்சுகிற பம்பை வைத்து டக்கென்று இழுத்தாள். மறுபடி சூடாக்கினாள், பிடுங்கினாள், இரண்டாவது கால். கை நடுங்கவே இல்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு நாள் கைமேல்தான் சந்தேகப்பட்டிருந்தாள், கை தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது, நடுங்கியதெல்லாம் வேறு எங்கோ இருந்தது. பழைய பேட்டரி பல் மாதிரி கழன்று வந்தது. புதுசை வைத்தாள். ஈயம். ஆறட்டும். ஊதக் கூடாது. பென்சில் பேட்டரியின் வயரைக் கழற்றினாள். அளந்தாள். மூன்று புள்ளி ஆறு ஐந்து. பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

அப்புறம் டிவியை இணைத்தாள், பட்டறையிலிருந்து கொண்டுவந்த பவர் சப்ளையை மாட்டினாள், ஒவ்வொரு வயரையும் மூன்று தடவை தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். போடாதவரைக்கும் அது உயிரோடு இருக்கிறது. இப்படி நினைத்ததும் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் இதையேதான் மூன்று வாரமாக நினைத்திருந்தாள், அளக்காதவரைக்கும் உயிரோடு இருக்கிறது, அப்படி நினைத்து நினைத்துத்தான். போட்டாள். டிவியில் ஒரு கோடு ஓடியது. பிறகு கட்டங்கள். ஊதா, பச்சை, மஞ்சள், திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், அசையாமல். தபால்காரி இல்லை. கூரை இல்லை. அணைத்துப் போட்டாள். அதே கட்டங்கள், அதே இடத்தில். பூட்டியிருக்கிற கதவு திறக்காமல் அப்படியே நிற்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம், வேறு அர்த்தம் கிடையாது, வேறு அர்த்தம் இருக்கிறதா என்று எட்டு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

அழுகை வரவில்லை. வந்தது ஒரு கேள்விதான், அது வந்து உட்கார்ந்துகொண்டது. எப்போது? பத்து வருஷத்துக்கு முன்னால், கப்பலில், நடுக்கடலில், யாரும் பார்க்காதபோதா? பழைய சங்கிலிக்குப் பக்கத்தில் கிடந்தபோதா? இல்லை, இந்த மேஜைமேல், போன செவ்வாய்க்கிழமை அவள் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோதா? அளந்திருந்தால் தெரிந்திருக்கும். அளக்காததால் இனி ஒருபோதும் தெரியாது. தான் கொன்றாளா இல்லையா என்று இனி செத்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. லேப்டாப்பைத் திறந்து குழுவுக்கு எழுதினாள். போர்டு வந்தபோதே பேட்டரி தீர்ந்திருந்தது. சாவி இல்லை. வருந்துகிறேன். படித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள், யாருக்கு என்ன, உண்மையாகவேகூட இருக்கலாம், பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. விரல் அனுப்புகிற பொத்தானுக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. ஹென்ரிக் இருந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பான், என்றைக்கு அளந்தாய்? அவன் இல்லை. அவன் இல்லாத குறைக்கு அந்தக் கேள்வி இன்னொரு ஆளுடைய வரியாக அங்கே கிடக்கிறது, மூன்று வாரமாக, பதில் இல்லாமல். எழுதியதை அழித்தாள். மறுபடி எழுதினாள். போர்டு என் கைக்கு வந்தது ஐந்தாம் தேதி. அளந்தது இன்று, இருபத்தாறாம் தேதி. 1.91. நடுவில் நான் அளக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நான் ஒரு வாரம் முந்தியிருந்தால் பிழைத்திருக்கலாம், தெரியாது. பூட்டிய நிலையில் இருக்கிற எல்லா ஐசிகளையும் படித்து எடுத்து இன்றைக்கே வெப்சைட்டில் போடுகிறேன். என்றாவது யாராவது சாவி இல்லாமலே திறக்கக்கூடும். அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் கை நடுங்கியது, நன்றாக, முழங்கைவரைக்கும்.

கிளாட்வின் ஒன்பதே முக்காலுக்கு வந்தான். கறிப்பையை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து டிவியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"போயிட்டா?"

"ம்."

"ஒங்கையாலயா?"

"தெரியல. தெரியாது. அதான் என்னால..." அவள் நிறுத்தினாள். "பயந்து பயந்து போட்டு வெச்சிருந்தேன். அளந்து பாக்கக்கூட இல்ல."

"எனக்கு மேல ஏறுனா இப்பவும் மூத்திரம் முட்டும்," என்றான். "கிரேன்ல. பதினாறு வருஷமாச்சு. ஒருத்தன்ட்டயும் சொன்னதில்ல."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை. அப்போது லேப்டாப் மணி அடித்தது. டெரெக். குறை சொல்லத்தான் என்று நினைத்தாள், சொல்லட்டும், சொல்ல வேண்டியதுதான், கண்ணை மூடித் திறந்துகொண்டு படித்தாள். நீளமான கடிதம். முதல் வரியைப் படித்துவிட்டு மறுபடியும் முதல் வரியையே படித்தாள். என்னிடம் இன்னொன்று இருக்கிறது. அதே விளையாட்டு. ஏழு வருஷமாக. ஹென்ரிக்கோடு சண்டை போட்ட பிறகு வாங்கினேன், அந்தக் கோபத்தில் சொல்லவில்லை. கோபம் போன பிறகு வேறொன்று வந்துவிட்டது. அளக்கவில்லை. நீ எழுதியிருக்கிற அதே காரணம். உன்னிடம் அளந்தாயா என்று கேட்டேனே, அதைக் கேட்டது என் அலமாரியைப் பார்த்துத்தான். அது உயிரோடு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இப்போது எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். எந்தக் காலில் எந்த வயர் என்று சொல்வாயா?

அவள் எழுதவில்லை. கூப்பிட்டாள். இத்தனை வருஷத்தில் இந்தக் குழுவில் யாரும் யாரையும் கூப்பிட்டதில்லை, மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்தார். வயசான குரல், நினைத்ததைவிட ரொம்ப வயசான குரல். அவளுடைய ஆங்கிலம் தடுமாறும் என்று எப்போதும் பயந்திருந்தாள், தடுமாறியது, அவர் கவனித்தமாதிரி தெரியவில்லை.

"ஊசி நுனியில டேப் சுத்துங்க," என்றாள். "கொஞ்சமா உலோகம் தெரிஞ்சா போதும்."

"சுற்றிவிட்டேன். போன வருஷமே சுற்றிவைத்திருந்தேன்."

"கறுப்பு முதல்ல. போர்டு ஓரத்துல, நடுவுல பெரிய ஈயப் பொட்டு இருக்கும்."

"இருக்கிறது. வைத்துவிட்டேன். ஜெசிந்தா, நாளைக்குச் செய்யலாமா? என் கை சரியில்லை. நடுங்குகிறது."

கிளாட்வின் எதுவும் புரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நடுங்கட்டும்," என்றாள். "கைய மேஜைல ஊனிக்கிட்டு வைங்க. சிவப்பு. பேட்டரியோட மேல் காலு. இப்பவே."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. நாற்காலி கிறீச்சிடுகிற சத்தம். தூரத்தில் அவருடைய ஊரில் ஏதோ ஒரு பறவை. பிறகு சத்தமே இல்லை, இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள், விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"டெரெக்?"

அவர் பேச ஆரம்பித்து, தொண்டையைச் செருமி, மறுபடி ஆரம்பித்தார்.

"இரண்டு," என்றார். "இரண்டு புள்ளி ஒன்று மூன்று."

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "கைய எடுக்காதீங்க," என்று தமிழிலேயே கத்திவிட்டு, உடனே, எடுங்க எடுங்க, மெல்ல எடுத்துக் கீழே வைங்க என்றாள், மறுபடி ஆங்கிலத்தில் சொன்னாள். "வீட்டுல பென்சில் பேட்டரி இருக்கா? ரெண்டு. புதுசு. இல்லன்னா டிவி ரிமோட்டத் திறங்க."